நாற்காலிக்கு வைத்த பொட்டு

ஒரு டிராக்டரை ஓட்ட எத்தனை கால் வேண்டும் என்று என் ஒன்பதாவது வயதில் யாராவது கேட்டிருந்தால், ஒன்றரை என்று சொல்லியிருப்பேன். இடது கால் முழுதாக வேண்டும், அது கிளட்சுக்கு. வலது கால் பெரும்பாலும் சும்மாதான் இருக்கிறது, பிரேக் போடும்போது மட்டும் அதற்கு வேலை. வேகத்தைக் கூட்டிக் குறைப்பது காரில் போலக் காலால் அல்ல, ஸ்டியரிங்குக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்னக் கம்பியைக் கையால் தள்ளித்தான். கலப்பையைத் தூக்கி இறக்குவதும் கையால்தான். இதெல்லாம் எனக்குப் பாடமானதற்குக் காரணம் என் மாமா. அவருக்குக் கால் இரண்டும் இருந்தன. இரண்டும் வேலை செய்யாது.

மாமா என் அம்மாவுக்கு ஒரே தம்பி. தோட்டத்தில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தவர். பழைய ரப்பர் மரங்களை வெட்டிப் புது மரம் நடுகிற காலத்தில் ஒரு மரம் சாய வேண்டிய பக்கம் சாயாமல் அவர் பக்கம் சாய்ந்தது. முதுகெலும்பு போயிற்று. நெடுநாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு, கையால் தள்ளுகிற சக்கர நாற்காலியோடு காஜா பேராங்கில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அப்போது மலாய் நாட்டுக்கு மெர்டேக்கா என்கிற சுதந்திரம் வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. கடைத்தெருவில் கட்டிய காகிதக் கொடிகளை மழை நனைத்துச் சாயம் போக வைத்திருந்தது, ஆனாலும் யாருக்கும் அவிழ்க்க மனம் வரவில்லை. நாடே புதிதாக நடக்கப் பழகிக்கொண்டிருந்தபோது எங்கள் மாமா மட்டும் உட்கார்ந்திருந்தார்.

அம்மா அந்த நாற்காலியை நாற்காலி என்று சொல்லி நான் கேட்டதில்லை. 'ஆஸ்பத்திரி வண்டி' என்பாள். கால் சரியானதும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டிய சாமான் என்பது அவள் கணக்கு. தினமும் காலையில் மாமாவின் கால்களுக்கு எண்ணெய் தேய்த்து நீவிவிடுவாள். வெள்ளிக்கிழமை தவறாமல் என்னையும் இழுத்துக்கொண்டு ஜாலான் துக்காங் எமாஸ் பிள்ளையார் கோயிலுக்குப் போய்வருவாள். டாக்டர் வேறு மாதிரிச் சொல்லியிருந்தார் என்பது அப்பாவுக்குத் தெரியும், மாமாவுக்கும் தெரியும். எனக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரிந்திருந்தாலும் அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மாமாவைத் தள்ளிக்கொண்டு போவது என் வேலை. எங்கள் வீட்டுக்குப் பின்னால் வயல் தொடங்கும். வயலோரம் அத்தாப்பு ஓலை வேய்ந்த கொட்டகை ஒன்றில் சாம்பல் நிறத்தில் குட்டி டிராக்டர் ஒன்று நின்றது. பெரிய டிராக்டர் போட்ட குட்டி மாதிரிதான் இருக்கும். தோட்டத்துத் துரை ஒருவர் கப்பலேறும்போது விற்றுவிட்டுப் போனதைத் தெங்கேராவில் இரும்புக்கடை வைத்திருந்த, தவுக்கே என்று எல்லோரும் கூப்பிடும் சீன முதலாளி வாங்கி, கூலி உழவுக்கு விட்டுக்கொண்டிருந்தார். ஓட்டிக்கொண்டிருந்த ஆள் சிங்கப்பூருக்கு வேலை தேடிப் போய்விட்டதால் அது சும்மா நின்றது. மாமா தினமும் அங்கேதான் போகச் சொல்வார். போனதும் ஒன்றும் செய்யமாட்டார், பார்த்துக்கொண்டே இருப்பார். அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியாது. அதனால் நானும் பார்த்தேன். அப்படித்தான் ஒன்றரைக் கால் கணக்கு பிறந்தது.

ஒருநாள் தவுக்கே வந்திருந்தபோது மாமா கேட்டேவிட்டார், இதை நான் ஓட்டுகிறேன், விடுவீர்களா என்று. தவுக்கே சிரிக்கவில்லை. மாமாவின் கால்களைப் பார்த்தார், கைகளைப் பார்த்தார். தோட்டத்தில் எத்தனை வருஷம் ஓட்டினாய் என்று மலாயில் விசாரித்தார். பிறகு நிபந்தனையைச் சொன்னார். நடவுக்கு முன் ஒரு வயலை என் கண் முன்னால் உழுது காட்டு. ஏறுவதற்கும் இறங்குவதற்கும் யாரும் உன்னைத் தூக்கக் கூடாது. தினமும் உன்னைத் தூக்க ஓர் ஆளுக்கு நான் சம்பளம் கொடுக்க முடியாது. இது முடிந்தால் வேலை உனக்கு, முடியாவிட்டால் உஜோங் பாசிரிலிருந்து ஒருவன் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

அம்மாவுக்கு இது பிடிக்கவே இல்லை. கால் வந்த பிறகு ஓட்டினால் ஆகாதா, அதற்குள் என்ன அவசரம் என்று கேட்டாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கால் வரத்தான் போகிறதே. அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் ஒரு மூட்டை பழைய இரும்புக் குழாயோடு திரும்பினார்.

அப்பா பஸ் கம்பெனி பட்டறையில் ஃபிட்டர். ஞாயிற்றுக்கிழமைகளும் வேலை முடிந்த மாலைகளும் கொட்டகையில் கழிந்தன. முதலில் கிளட்ச் மிதியோடு ஒரு குழாயைப் பற்றவைத்து, நுனியில் கைப்பிடி போட்டார். இடது கையால் முன்னே தள்ளினால் மிதி அமுங்கும். வலப்பக்கம் பிரேக்குக்கும் அதேபோல் ஒன்று. பிறகு ஒரு சிக்கல். இரண்டு கையும் இரண்டு கைப்பிடியில் இருந்தால் ஸ்டியரிங்கை யார் பிடிப்பது? இரண்டு பேரும் ஒரு மாலை முழுவதும் இதைப் பேசினார்கள். கலப்பை மண்ணுக்குள் இருக்கும்போது கிளட்சை அமுக்கினாலே வண்டி நின்றுவிடும், மண்ணே பிரேக் என்று மாமா சொன்னார். அப்படியானால் வயலில் பிரேக் அபூர்வமாகத்தான் வேண்டியிருக்கும், வலது கை ஸ்டியரிங்குக்குக் கிடைத்துவிடும். ஒற்றைக் கையால் ஸ்டியரிங்கை முழுச் சுற்றுச் சுற்ற அதன் விளிம்பில் ஒரு குமிழ் பொருத்தினார்கள். குமிழ் எங்கிருந்து வந்தது என்று அம்மா கேட்கவில்லை. மறுநாள் அலமாரிக் கதவைத் திறக்கப் போனபோது அவளுக்கே தெரிந்துவிட்டது.

எல்லாம் சரியாகிவிட்டதென்று மாமாவை அப்பா தூக்கி இருக்கையில் வைத்தார். அது முதுகுச் சாய்வே இல்லாத இரும்புத் தட்டு. மாமா கைப்பிடியை ஓங்கித் தள்ளினார். மிதி அசையவில்லை, மாமாதான் பின்னால் போனார். அப்பா ஓடிப்போய்ப் பிடித்திராவிட்டால் கலப்பையின் மேல் விழுந்திருப்பார். பயம் தெளிந்ததும் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எதையாவது தள்ளும்போது நம்மை இடத்தில் இருத்தி வைப்பது நம் கால் என்பது இருவருக்குமே அதுவரை தோன்றவில்லை. எனக்கு நம்பிக்கை வரவில்லை. வீட்டுக்கு வந்து, வழுவழுப்பான பெஞ்சின்மேல் கால் தரையில் படாமல் உட்கார்ந்துகொண்டு சுவரைத் தள்ளிப் பார்த்தேன். சுவர் அங்கேயே இருந்தது, நான் வழுக்கிக்கொண்டு மறுமுனைக்குப் போய் அம்மா காயவைத்திருந்த அப்பளத்தின்மேல் விழுந்தேன். அன்றைக்கு எனக்கு விழுந்த அடி அறிவியலுக்காக வாங்கியது.

பழைய பஸ்ஸிலிருந்து கழற்றிய ஒரு முதுகுச் சாய்வும், இடுப்பில் இறுக்கிக் கட்ட அகலமான ஒரு வாரும் வந்தபின் கிளட்ச் பணிந்தது. மிச்சமிருந்தது ஏறுவது. உழ வேண்டிய வயல், பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து தமிழை மறந்துபோன செட்டி கிராமத்துக்காரர் ஒருவருடையது. நெற்றியில் திருநீறு இருக்கும், எங்கள் சாமியையே கும்பிடுவார், வாயைத் திறந்தால் மலாய்தான் வரும். சாமி அவருக்கு எந்த மொழியில் பதில் சொல்லும் என்பது எனக்குத் தீராத சந்தேகமாக இருந்தது. அவரைக் கேட்டு, வரப்போரத்தில் மண்ணைக் கொட்டி, நனைத்து, இடித்து, சரிவான ஒரு மேடு கட்டினார்கள். மாமா தானே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு அதன் உச்சிக்குப் போவார். அங்கே நாற்காலியும் டிராக்டர் இருக்கையும் ஒரே மட்டத்தில் இருக்கும். நடுவில் ஒரு பலகை. கைகளை ஊன்றி அதன்மேல் நகர்ந்து அந்தப் பக்கம் போய்விடலாம். வேலை முடிந்ததும் வண்டியை அதே மேட்டோரம் கொண்டுவந்து நிறுத்தி, அதே வழியில் நாற்காலிக்குத் திரும்பலாம். முதல் தடவை மாமா அப்படிப் போனபோது நான் கை தட்டினேன். அவர் முகத்தில் வேர்வை கொட்டிக்கொண்டிருந்தது, சிரிக்க நேரமில்லை.

உழுது காட்டும் நாள் விஜயதசமி என்று அம்மாவே குறித்தாள். புது வேலை தொடங்க அதைவிட நல்ல நாள் ஏது? தவுக்கேயும் சரி என்றார். பிடிக்காத காரியத்துக்கும் நல்ல நாள் பார்க்காமல் அம்மாவால் இருக்க முடியாது.

அதற்கு முந்தின நாள் ஆயுத பூஜை. காலையிலேயே வீட்டிலுள்ள சாமான்களையெல்லாம் கழுவிச் சாமி படத்துக்கு முன் அடுக்கினோம். சந்தனக் கிண்ணத்தையும் குங்குமத்தையும் என் கையில் கொடுத்து, வேலை செய்கிற சாமான் ஒன்றையும் விடாமல் பொட்டு வை என்று அம்மா சொன்னாள். இப்படியொரு அதிகாரம் எனக்கு அதுவரை யாரும் கொடுத்ததில்லை. அரிவாள்மனை, தேங்காய்த் துருவி, ஆட்டுக்கல், அப்பாவின் ஸ்பேனர்கள், சைக்கிள், தையல் மெஷின் எல்லாவற்றுக்கும் வைத்தேன். மாமாவின் நாற்காலியை அப்பா கழுவி முற்றத்தில் காயவைத்திருந்தார். மாமா உள்ளே பெஞ்சில் உட்கார்ந்து முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். இரண்டு சக்கரத்துக்கும் மூன்று மூன்று பொட்டு வைத்து, நாற்காலியையும் தள்ளிக்கொண்டு போய்த் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். அம்மா பார்த்தாள், அழகாக வைத்திருக்கிறாய் என்றாள். கற்பூரம் காட்டினாள். பூஜையில் வைத்த சாமானை மறுநாள் காலை மறுபூஜை முடியும்வரை யாரும் தொடக் கூடாது. அன்றைக்கு ஆயுதங்களுக்கு ஓய்வு. இது எங்கள் வீட்டில் சட்டம். மாமா பெஞ்சிலிருந்தபடியே சிரித்து, அப்படியானால் இன்றைக்கு எனக்கும் ஓய்வுதான் என்றார்.

சாப்பிட்டு முடித்த நேரத்தில் வாசலில் தவுக்கேயின் குரல் கேட்டது. வேகுவேகென்று சைக்கிள் மிதித்து வந்திருந்தார். மேற்கே மழை பிடித்துவிட்டதாம், வாய்க்கால் தண்ணீரை நாளை விடியும்போதே இந்தப் பக்கத்து வயல்களுக்குத் திறந்துவிடப் போகிறார்களாம். தண்ணீர் ஏறிவிட்டால் அந்தக் குட்டி டிராக்டர் சேற்றில் புதைந்துவிடும். இன்று உழுதால் உண்டு, இல்லாவிட்டால் உஜோங் பாசிர்க்காரன் தயாராக இருக்கிறான், அவனை வரச் சொல்லிவிடுவேன் என்றார். கோபமாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார்.

எல்லோரும் பூஜை அறையைப் பார்த்தோம். அங்கே அரிவாள்மனைக்கும் தையல் மெஷினுக்கும் நடுவில், சந்தனமும் குங்குமமும் பூவுமாக மாமாவின் நாற்காலி கல்யாணப் பெண் மாதிரி நின்றது.

டிராக்டர் தவுக்கேயுடையது, அதற்கு எங்கள் வீட்டுச் சட்டம் கிடையாது. நாற்காலிதான் மாட்டிக்கொண்டது. மாமாவை டிராக்டர் வரைக்கும் நான் தூக்கிக்கொண்டு போய் வைக்கிறேன் என்று அப்பா எழுந்தார். கூடாது என்று தவுக்கே தலையை ஆட்டினார். மாமாவும் வேண்டாம் என்றார். இன்றைக்கு நீங்கள் தூக்குவீர்கள், நாளைக்கு யார் என்று அப்பாவைக் கேட்டார். அப்பா மறுபடி உட்கார்ந்தார். அம்மா மட்டும் பூஜை அறை வாசலில் நின்றுகொண்டு, சாமிக்கு முன்னால் வைத்ததை எப்படி எடுப்பது, தெய்வக் குற்றம் ஆகிவிடாதா, இந்த வேலை போனால் இன்னொன்று வராதா என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவள் குரல் சாதாரணமாக இல்லை.

மாமா அதுவரை சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. அப்போதும் போடவில்லை.

"அக்கா, ஒண்ணு மட்டும் சொல்லு. அது வேலை செய்யற சாமான்னா அங்கேயே இருக்கட்டும், நான் இன்னிக்கு எங்கேயும் போகல. இல்ல, அது என் காலுன்னா, பூஜை நாளுன்னு யாராச்சும் காலைக் கழட்டி சாமி முன்னால வெப்பாங்களா? எதுன்னு நீயே சொல்லு."

கேள்வி எனக்கு எளிதாகத்தான் தெரிந்தது. பெரியவர்களுக்குத் தெரியாத பதில் எனக்குத் தெரிந்திருக்கும்போது சும்மா இருக்க முடியுமா? "அது சாமான்தான் மாமா. உங்க கால் வந்ததும் ஆஸ்பத்திரிக்குத் திருப்பிக் குடுத்துடப் போறோமே. அம்மா சொன்னாங்க," என்றேன்.

ஒருவரும் என்னைத் திட்டவில்லை. அதுவே எனக்கு விசித்திரமாக இருந்தது. அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு மாமாவின் கால்களைப் பார்த்தாள். அன்று காலையில்கூட எண்ணெய் தேய்த்த கால்கள். இவ்வளவு நாள் பார்த்திருந்தும் இப்போதுதான் முதல்முறை பார்ப்பதுபோலப் பார்த்தாள். தவுக்கே சங்கடத்தோடு வாசலுக்கு வெளியே போய் நின்றுகொண்டார்.

அம்மா உள்ளே போனாள். நாற்காலிக்கு முன் மண்டியிட்டு, சேலைத் தலைப்பால் சக்கரத்திலிருந்த பொட்டுகளை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். சந்தனம் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. எச்சில் தொட்டுத் துடைக்கவில்லை, அதற்கு அவசியமே இல்லாமல் அவள் கண்ணிலிருந்து நீர் இறங்கிக்கொண்டிருந்தது. பூவை எடுத்து சாமி படத்துக்குச் சாத்தினாள். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து பெஞ்சோரம் நிறுத்தினாள்.

"உன் கால்தான்டா," என்றாள். "போய்ட்டு வா."

மாமா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் விடவில்லை. பிறகு நாற்காலிக்கு மாறி, தானே சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டு வெளியே போனார். நான் தள்ளப் போனேன். வேண்டாம் பாப்பா, கூடவே நடந்து வா என்றார்.

மேட்டின் மேல் ஏறும்போது பாதியில் சக்கரம் பின்னுக்கு வழுக்கியது. அப்பாவின் கை தானாக நீண்டது, உடனே பின்னால் கட்டிக்கொண்டார். இரண்டாம் முயற்சியில் மாமா உச்சிக்குப் போனார். பலகையில் நகர்ந்தார், காலை ஒவ்வொன்றாகக் கையால் தூக்கி உள்ளே வைத்தார், வாரைக் கட்டினார், வண்டியைக் கிளப்பினார். வயல்காரர் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வரப்பில் நின்றார். "போலே ஜாலான் கா?" என்று என்னைக் கேட்டார், ஓடுமா என்று. ஓடும் என்று நான் தமிழில் சொன்னேன்.

முதல் உழவுச் சால் பாம்பு போனதுபோல் வளைந்தது. தவுக்கே குடைக்கடியில் அசையாமல் நின்றார். வயலின் மூலையில் கலப்பையைத் தூக்கி, குமிழைப் பிடித்து ஸ்டியரிங்கை ஒரே சுற்றாகச் சுற்றி, மாமா வண்டியைத் திருப்பினார். இரண்டாவது சால் கொஞ்சம் நேராகியது. மூன்றாவதுக்குப் பிறகு நான் மண்ணைப் பார்க்கவில்லை, மாமாவின் முகத்தைத்தான் பார்த்தேன். எங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தவர் அவரில்லை. தோட்டத்தில் இருந்த மாமாவை எனக்கு ஞாபகமில்லை, ஆனால் இவர்தான் அவர் என்று தெரிந்தது. வயல் முடிந்து வண்டி மேட்டோரம் வந்து நின்றதும், தவுக்கே தண்ணீர் எட்டாத வயல்களில் நாளைக்கு எது, நாளன்றைக்கு எது என்று பேச ஆரம்பித்துவிட்டார். வேலை கிடைத்துவிட்டது என்று அவர் தனியாகச் சொல்லவே இல்லை.

வீட்டுக்கு ஓடி வந்து சொன்னேன். அம்மா பூஜை அறையில் ஆயுதங்களுக்கு முன் தனியாக உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது. கற்பூரப் புகை என்றாள். பூஜையைக் கலைத்துவிட்ட பயம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அந்தப் போகம் அறுவடை முடிந்து ஒரு வெள்ளிக்கிழமை, அப்பா சைக்கிளின் இரு பக்கமும் சாக்குகளைக் கட்டி ஜாலான் துக்காங் எமாஸுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். நிறையத் தேங்காய். அம்மா கோயில் வாசலில் நின்று ஒவ்வொன்றாக உடைக்கத் தொடங்கினாள். தம்பிக்குக் கால் திரும்பினால் நூற்றெட்டுத் தேங்காய் உடைப்பதாக அவள் நேர்ந்துகொண்டிருந்தாள் என்று, அப்பா ஐயரிடம் சொன்னதைக் கேட்டுத்தான் எனக்குத் தெரிந்தது. எனக்கு ஒன்றும் ஓடவில்லை. மாமாவின் கால்களை அன்று காலையில்தான் பார்த்திருந்தேன். அவை எப்போதும்போலத்தான் கிடந்தன. அம்மாவின் சேலையை இழுத்து, "மாமாவுக்கு இன்னும் கால் வரலையே அம்மா," என்று மெதுவாகச் சொன்னேன்.

"வந்துருச்சு," என்று சொல்லிவிட்டு அம்மா அடுத்த தேங்காயை எடுத்தாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாங்கள் ஏமாந்தாலும் பிள்ளையார் ஏமாறுவாரா? கோயில் வாசலிலேயே நின்று இப்படிப் பொய் சொல்கிற அம்மாவை மன்னித்துவிடும்படி, நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு அவரிடம் வேண்டிக்கொண்டேன்.